சித்தி அரசமரம் சுற்றிய நாட்கள்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளில் முகவரி எழுதியதைத் தவிர, பெரிதாக எதையும் எழுதியதில்லை. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதும் பிடிபடவில்லை. மறதி வேறு. பேத்தியைக் கூப்பிட நினைத்து மருமகள் பெயரைச் சொல்லிவிடுகிறேன், இருவரும் வந்து நிற்கிறார்கள். இதைப் படிக்கப்போகிற நீங்களெல்லாம் என் வயதுக்காரர்கள், பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

எடுத்ததற்குக் காரணம் பேத்திதான். போன வாரம் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். "சுற்று என்ற சொல்லை வைத்து அஞ்சு வாக்கியம் சொல்லு பாட்டி" என்று வந்து உட்கார்ந்தாள். நானும் யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனேன். அவளுக்குத் தலை சுற்றியது. அவள் முறுக்கு சுற்றினாள். அவள் ஊர் சுற்றினாள். அவள் எனக்குப் புடவை சுற்றிவிட்டாள்.

"எல்லாத்துலயும் அவள் அவள்னு வருதே, யாரு பாட்டி அவள்?" என்று கேட்டாள் குழந்தை.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாலு வாக்கியத்திலும் என் சித்திதான் இருந்தாள். ஐந்தாவது வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அந்த வருஷம் எனக்கு எட்டு வயது, அவளுக்கு இருபத்திரண்டு இருக்கலாம். நயா பைசா வந்த புதிது என்று நினைவு. சித்தியைச் சாலவாக்கம் பக்கத்தில் கட்டிக் கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து இரண்டு கல் தூரம். ஊர் ஏரிக்கரையில் அரசும் வேம்பும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும், அடியில் நாகர் கல் இருக்கும். பிள்ளை இல்லாதவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து அந்த மரத்தைச் சுற்றுவார்கள். தை பிறந்த முதல் வாரத்தில் சித்தியின் மாமியார் அவளை வண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார்.

"ஒரு மண்டலம் சுத்தட்டும். நாப்பத்தெட்டு நாளு, நாளுக்கு நூத்தியெட்டு சுத்து. அதுக்கப்புறம் ஒரு வருசம் பாப்பேன். ஒண்ணும் இல்லன்னா எம்புள்ளைக்கு வேற பொண்ணு பாத்துடுவேன். நான் மறச்சிப் பேசறவ இல்ல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார். அம்மா காலிச் சொம்போடு வாசலிலேயே நின்றாள்.

சித்தி ஒரு துணிமூட்டையோடு வந்திருந்தாள். முதல் இரண்டு நாள் தூங்கினாள், தூங்கினாள், அப்படித் தூங்கினாள். மாட்டுச் சத்தத்துக்கும் எழவில்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கூட, "இன்னா, ஒடம்புக்கு எதனா கீதா அதுக்கு?" என்று கேட்டார். அம்மா, "அங்க தூங்க வுட மாட்டாங்க போல, வுடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் விடியலில் சுற்ற ஆரம்பித்தோம். 'தோம்' என்று எழுதிவிட்டேன். சுற்றியது அவள்தான், எண்ணியது நான். சித்தி பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. நான் கணக்கில் வகுப்பிலேயே முதல். "சுத்து கொறஞ்சா வேண்டுதல் பலிக்காது, கூடப் போய் எண்ணு" என்று அம்மா ஒரு சுருக்குப்பையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டையைப் போட்டுக் கொடுத்தாள். நாகர் கல்லின் இடது பக்கம் கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டையை வலது பக்கம் மாற்றுவேன்.

சித்தி ஏரியில் முழுக்குப் போட்டு, ஈரப் புடவையோடுதான் சுற்ற வேண்டும். புடவையிலிருந்து சொட்டும் தண்ணீர் மரத்தைச் சுற்றிப் புழுதியில் ஒரு வட்டம் போடும். பத்துச் சுற்றுக்குள் வட்டம் கறுத்துப் பளபளவென்று ஆகிவிடும். ஐம்பதாவது சுற்றில் புடவை காய்ந்து வட்டமும் காய ஆரம்பிக்கும். மஞ்சள் வாசனை, பாசி வாசனை, கால் பட்டு நசுங்கும் அரசங்காயின் வாசனை. காற்றே இல்லாதபோதும் மேலே இலைகள் சலசலவென்று பேசிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு முறை என்னைத் தாண்டும்போதும் சித்தி ஏதாவது சேட்டை செய்வாள். பின்னலை இழுப்பாள், கண்ணை உருட்டுவாள்.

"எத்தினி?"

"முப்பத்தாறு. சாமி சுத்தறப்போ சிரிக்கக் கூடாது சித்தி."

"சாமிக்கு இன்னா தெரியும், அது கல்லாட்டம் உக்காந்துக்கினு கீது." அடுத்த சுற்று வந்து, "கன்னத்துல போட்டுக்கினேன்டி, கோச்சிக்காதே, சாமிக்கும் ஒனக்கும் சேத்துதான் சொல்றேன்" என்பாள்.

வீடு திரும்பியதும் அடுப்படிக்குப் பின்னால் இருந்த சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவேன். ஒரு நாளுக்கு ஒரு கோடு. அது என்னை யாரும் போடச் சொன்னதல்ல. நானாகப் போட்டேன். அந்தக் கோடுகளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமை.

அறுவடை முடிந்து களத்தில் தாம்பு ஓட்டும் நாட்கள் அவை. நாலு மாட்டை ஒரே கயிற்றில் பிணைத்து, பரப்பிய நெல் தாளின் மேல் சுற்றிச் சுற்றி நடக்கவிடுவார்கள், நெல் உதிரும். எங்கள் வீட்டில் பெண்கள் மாட்டுக்குப் பின்னால் நடந்து நான் பார்த்ததில்லை. சித்தி ஒரு நாள் கஞ்சி கொண்டு போனவள், நைனா கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். "ஹே, ஹே" என்று அவள் அதட்டிய அதட்டலுக்கு மாடுகள் ஒழுங்காக நடந்தன.

நைனா சிரித்துவிட்டார். "ஏம்மா, காலைல மரத்த சுத்தின, இப்போ களத்த சுத்தற. ஒனக்குக் காலே வலிக்காதா?"

"ஒரே வூட்டுக்குள்ள சுத்திக்கினு இருந்தவளுக்கு இதெல்லாம் வெளியூரு மாமா" என்றாள்.

எதிர்வீட்டு அக்கா இதைப் பார்த்துவிட்டு, அம்மா காது படவே, "புள்ள வரம் கேக்க வந்தவளா இவ? ஊர் சுத்த வந்தவளாட்டம் கீறா" என்றாள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்குச் சித்தியைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அடங்கி இருடி, பேச்சு அங்க போய்ச் சேந்துடும்" என்றாள். சித்தி இரண்டு நாள் அடங்கி இருந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குள் தாமரைக்கிழங்கு பறிக்கப் போய்விட்டாள்.

சித்தி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ஒரு காலை அவள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். தனித் தட்டு, தனிச் சொம்பு. பெண்களுக்கு விளங்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை. பக்கத்தில் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை.

"எனக்கு பதிலா நீ போய் சுத்திட்டு வர்றியா?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள் சித்தி. "அஞ்சு நாளு அந்த மரம் சும்மா நிக்க வேணாம், பாவம்."

அம்மாவும், "கொயந்த சுத்தினா சாமி ஏத்துக்கும், போ" என்றாள்.

ஐந்து நாள் தனியாகப் போனேன். சுற்றுவதும் நானே, கொட்டை மாற்றுவதும் நானே. ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. ஐந்து நாளும் வீட்டுக்கு வந்து சுவரில் கோடு போட்டேன். சித்தி கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கோடு எதுக்குடி?"

"நான் சுத்தினதுக்கு."

"அப்போ அது ஒன் கணக்கு, ஏங்கணக்குல சேராது. பாரு, ஒனக்கு பத்து புள்ள பொறக்கப் போவுது!"

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். சித்தி சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. எனக்கு நாலு பிறந்தது, அது வேறு கதை.

அதற்கு ஒரு வாரம் கழித்து, எழுபதாவது சுற்றோ எண்பதாவதோ, சித்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெறும் வயிற்றில் அத்தனை சுற்று. முகம் வெளுத்து உதடெல்லாம் வேர்த்திருந்தது. தண்ணீருக்கு வந்த எதிர்வீட்டு அக்கா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"இன்னாடி, தல சுத்துதா? கொமட்டுதா?"

சித்தி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்த அக்கா ஏரிக்கரையிலிருந்தே, "நாகராசா கண்ணத் தொறந்துட்டாருடி!" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அம்மா மாவுக் கையோடு வந்தாள். வீட்டுக்குள் போனதும் வெல்லத்தை உடைத்து வந்தவர்கள் வாயிலெல்லாம் போட்டாள், தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். சித்தி மெதுவாக அவள் காதில், "யக்கா, நான் போன வாரந்தானே தலைக்கு ஊத்திக்கினேன்" என்றாள். அம்மா வாயில் போட்ட வெல்லத்தைத் துப்புவதா முழுங்குவதா என்று தெரியாமல் நின்றாள்.

புருஷனை அங்கே விட்டுவிட்டு, பெண்டாட்டியை மட்டும் இங்கே கொண்டுவந்து நாற்பத்தெட்டு நாள் பிரித்து வைத்து, பிள்ளை எங்கே என்று எல்லாரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை பெரியவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? எனக்கும் கல்யாணம் ஆன பிறகுதான் தோன்றியது. இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மாசியில் இன்னொரு முறை ஐந்து நாள் சித்தி கொட்டகையில் உட்கார்ந்தாள். நான் போய்ச் சுற்றினேன், கோடும் போட்டேன். அந்தத் தடவைதான் சித்தி ராட்டினத்தைப் பற்றிச் சொன்னாள். பங்குனியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ரங்க ராட்டினம் வரும்.

"நான் ஏறினதே இல்லடி. சின்ன வயசுல பயம். அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சி. ஏம்மண்டலம் முடியறதுக்கும் திருவியா வர்றதுக்கும் சரியா இருக்கும். ரெண்டு பேரும் ஒரே பொட்டியில குந்திக்கலாம். நீ என்னக் கெட்டியா புடிச்சிக்கணும், இன்னா?"

சரி என்றேன். அவள் வந்தபோது இருந்த கன்னத்துக் குழியும் எலும்புமெல்லாம் மறைந்து, அப்போது முகம் பூரித்திருந்தது. ஏரி வெயிலில் கறுத்தும் இருந்தாள். அவளைவிட அழகான பெண்ணை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, நடுப்பகலில் வண்டிச் சத்தம் கேட்டது. சித்தியின் மாமியார் இறங்கினார், பின்னாலேயே சித்தப்பாவும் இறங்கினார். சித்தப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை வாங்கி வந்திருந்தார். சித்தி உள்ளே திருவிழாவுக்கு முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் மாவைத் திருகித் திருகி, துணியின் மேல் வட்டம் வட்டமாக வைப்பாள். மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"கெளம்பு. வேர்க்கடல புடுங்கணும், வூட்ல கை பத்தல" என்றார் மாமியார்.

"இன்னும் பத்து நாளு கீது அத்த."

"இன்னா பத்து நாளு? தை மொத வாரத்துல வுட்டுட்டுப் போனேன். வெரல் வுட்டு எண்ணினாலும் நாப்பத்தெட்டு ஆயிடுச்சே."

"இல்லத்த, முப்பத்தெட்டுதான் ஆச்சி."

"எப்டி முப்பத்தெட்டு? சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

சித்தி வாயைத் திறந்தாள். வாசலில் நைனா நின்றார், சித்தப்பா நின்றார், வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நின்றார். சித்தி அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "முப்பத்தெட்டுதான்" என்று மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

"அக்கா வூட்டு சோறு ருசியா கீது போல" என்றார் மாமியார். சித்தப்பா சிரித்தார். நைனாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சித்திக்கு எண்ணத் தெரியவில்லை, எல்லாரும் சிரிக்கிறார்கள். நான்தானே எண்ணுகிறவள்? வழக்கமாகப் பெரியவர்கள் முன்னால் எனக்கு வாயே வராது. அன்றைக்கு வந்தது.

"நாப்பத்தெட்டு ஆயிடுச்சி. நான் செவுத்துல கோடு போட்டு வெச்சிக்கீறேன்!"

எல்லாரும் அடுப்படிக்குப் பின்னால் வந்தார்கள். சித்தப்பா ஒவ்வொரு கோடாக விரலை வைத்து எண்ணினார். நைனாவும் எண்ணினார். நாற்பத்தெட்டு. "கணக்குல மொதல்னு வாத்தியாரு சும்மா சொல்லல" என்று நைனா என் தலையைத் தடவினார்.

"கொயந்த பொய் சொல்லுமா?" என்றார் மாமியார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். சித்தியைப் பார்த்தேன், என்னைப் புகழ்வாள் என்று. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இந்த வயதில் எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். துணியின் மேல் ஒரு முறுக்கு இரண்டு சுற்றோடு பாதியில் நின்றிருந்தது. அம்மா அவசர அவசரமாக அவள் கொண்டையைச் சுற்றிக் கதம்பம் வைத்துவிட்டாள்.

வண்டி ஏறும்போது சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, "கணக்குல நீ கெட்டிக்காரிடி" என்றாள். அதைப் பாராட்டு என்றே ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிழாவுக்கு ராட்டினம் வந்தது. எதிர்வீட்டு அக்காவின் பெண்ணோடு என்னை ஏற்றிவிட்டார்கள். மேலே போகும்போதெல்லாம் சாலவாக்கம் போகும் சாலை தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பார்த்தேன். ஒரு வண்டியும் வரவில்லை.

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அந்தக் கொட்டகைப் பக்கமே எனக்கும் தனித் தட்டு வைத்தார்கள். அடுத்த மாதம் அம்மா வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஏதோ வேண்டுதல் வைத்திருந்தாள். "இந்த அஞ்சு நாளு சாமி கணக்குல சேராது, தள்ளித்தான் எண்ணணும்" என்று அடுப்படியிலிருந்து சொன்னாள். எதிரில் சுவர். கரிக்கோடெல்லாம் எப்போதோ வெள்ளையடித்து மறைந்துவிட்டது. ஆனால் நான் கணக்கில் கெட்டிக்காரி அல்லவா? ஐந்தும் ஐந்தும் பத்து. நாற்பத்தெட்டில் பத்துப் போனால் முப்பத்தெட்டு.

தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மாவிடம் கேட்டேன்.

"சித்தி சொன்னதுதானே சரி? நீ ஏம்மா அன்னிக்குச் சும்மா நின்ன?"

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "ஆம்பளைங்க நின்னுக்கினு இருந்தாங்களே, எப்டிடி சொல்றது?" என்றாள். பிறகு, "நீ சுத்தினதும் சேரும்னு நெனச்சிக்கினேன்" என்றாள். அதற்கும் பிறகு, "அந்தக் கெயவிக்குத் தெரியாதா? அதுவும் பொம்பளதானே?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொன்னபடியே மாமியார் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, மகனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தார். சித்தியை அனுப்பவில்லை, வேலைக்கு ஆள் வேண்டுமே. புதிதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லை. அவளை யாரும் மரம் சுற்ற அனுப்பவில்லை. இரண்டு பெண்களும் அக்கா தங்கை போலக் கடைசி வரைக்கும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று கேள்வி.

என் கல்யாணத்துக்குச் சித்தி ஒரே ஒரு நாள் வந்தாள். எனக்குக் கூறைப்புடவை சுற்றிவிட்டது அவள்தான். முடி நரைத்திருந்தது, கை மரக்கட்டையாக இருந்தது. தனியாக இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், "சித்தி, அன்னிக்கு நான் கோடு போட்டது..." என்று ஆரம்பித்தேன். "மூச்ச இயுத்துப் புடி, கொசுவம் சொருவணும், பேசாத" என்று இடுப்பில் இறுக்கிச் சொருகினாள். வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்க வாய்க்கவில்லை. எனக்கு மூன்றாவது பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள் அவள் போய்விட்டாள் என்று சேதி வந்தது. பச்சை உடம்புக்காரி என்று என்னை அனுப்பவில்லை.

சுற்றுக் குறைந்ததால்தான் பிள்ளை பிறக்கவில்லை என்று இப்போது நான் நினைக்கவில்லை. அந்தப் பயம் இளவயதில் இருந்தது, போய்விட்டது. அந்தப் பத்து நாள்தான் போகவில்லை. பத்துக் காலை அவள் ஏரியில் முங்கியிருப்பாள். பத்துப் பகல் நன்றாகத் தூங்கியிருப்பாள். எதிர்வீட்டு அக்காவோடு இன்னும் ஒரு சண்டையாவது போட்டிருப்பாள். ராட்டினத்தில் பயந்து கத்தியிருப்பாள், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் பிறந்ததிலிருந்து அவளுக்கென்று யாரும் கொடுக்காத நாட்களை, அவள் தானே எண்ணி வைத்திருந்தாள். நான் அவற்றை எண்ணித் தீர்த்துவிட்டேன்.

எழுதியதில் தவறு இருக்கும். மாசியா பங்குனியா, அறுவடை முன்னாலா பின்னாலா என்று எங்கள் பக்கத்து ஆட்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றையும் சரிபார்த்துச் சொல்லுங்கள். உங்களில் யாருக்காவது வீட்டில் வேண்டுதல் முறையெல்லாம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால் கேளுங்கள். ஒருத்திக்கு முடியாத நாளில் அவளுக்காக ஒரு குழந்தை போய்ச் சுற்றினால், அது மண்டலக் கணக்கில் சேருமா, சேராதா? சேராது என்றுதான் சொல்வார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.